பறக்கும் தட்டைச் செய்து பாருங்கள்!

ஒரு விடுமுறை நாளில் உங்களில் ஒருவர் மேசையின்மீது பழைய செய்தித்தாளை விரித்து, பிளாஸ்டிக் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பறக்கும் தட்டு ஒன்றைச் செய்துகொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் பார்க்கும் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "பறக்கும் தட்டு என்பதே கட்டுக்கதை. விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை கட்டுக்கதைக்குப் பொம்மை செய்துகொண்டிருக்கலாமா? ஒரு தொலைநோக்கி செய்தாலாவது பயன் உண்டு" என்பார்கள். விஞ்ஞான ஆசிரியர்களிலும் சிலர் இவ்வாறு நினைப்பதுண்டு.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த ஊர்தி என்று நிரூபிக்கப்பட்ட ஒரு திருகாணிகூட இதுவரை எந்த ஆய்வுக்கூடத்திற்கும் வந்து சேரவில்லை. நமக்குக் கிடைப்பவையெல்லாம் கண்டவர்களின் சொற்களும், மங்கலான புகைப்படங்களும்தான். அப்படியிருக்க, அதற்கு ஏன் நேரம் செலவிட வேண்டும்?

என் கருத்து இதற்கு நேர்மாறானது. பறக்கும் தட்டுப் படங்களைக் கண்டு ஏமாறாமல் இருக்க வேண்டுமானால், ஒரு பறக்கும் தட்டை நம் கையாலேயே செய்து பார்ப்பதைப்போல் நல்ல வழி வேறில்லை என்று நான் கருதுகிறேன். செய்தால் மட்டும் போதாது. பெட்டியில் சொன்னபடியே செய்து முடித்துவிடாமல், யோசித்து, மாற்றியும் செய்ய வேண்டும். ஏன் என்பதை இனிப் பார்ப்போம்.

பெயர் முதலில், உருவம் பிறகு

1947ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் கென்னத் ஆர்னால்டு என்ற அமெரிக்கர், வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ரெயினியர் மலைக்கு அருகில் தம் சிறு விமானத்தில் பறந்துகொண்டிருந்தார். பளபளக்கும் ஒன்பது பொருள்கள் வரிசையாகச் செல்வதைக் கண்டதாக அவர் கூறினார். நீர்ப்பரப்பின்மீது ஒரு தட்டை வீசினால் அது எப்படித் தத்தித் தத்திச் செல்லுமோ அப்படி அவை சென்றன என்றார். குளத்தில் ஓட்டாஞ்சில்லை எறிந்து தவளைபோல் துள்ள வைத்தவர்களுக்கு இந்த உவமை உடனே விளங்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்னால்டு தட்டைச் சொன்னது அப்பொருள்களின் ஓட்டத்திற்கு உவமையாகத்தான், வடிவத்திற்கு அன்று. அவர் பின்னர் வரைந்து காட்டிய படத்தில் பொருள் முழு வட்டமாக இல்லை. முன்பக்கம் வளைந்தும் பின்பக்கம் குறுகியும், காலணியின் குதிகால் பகுதியைப்போல் இருந்தது. ஆனால் பத்திரிகைகள் 'பறக்கும் தட்டு' என்று பெயர் சூட்டிவிட்டன. அதன் பின் வானத்தில் எதையோ கண்டவர்களில் மிகப் பலர் வட்டத் தட்டுகளையே கண்டார்கள்! பெயர் முதலில் வந்தது. உருவம் அதைத் தொடர்ந்து வந்தது.

அடுத்து என்ன நடந்தது என்று பாருங்கள். 1951இல் 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' என்ற ஹாலிவுட் படத்தில் ஒரு வட்டத் தட்டு வாஷிங்டன் நகரில் வந்து இறங்கியது. 1952இல் அமெரிக்காவின் லிண்ட்பர்க் நிறுவனம், சிறுவர்கள் ஒட்டிச் செய்யும் பறக்கும் தட்டு 'கிட்' ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே 1952இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆடம்ஸ்கி என்பவர், தாம் எடுத்ததாக ஒரு தட்டின் படத்தை உலகுக்குக் காட்டினார். மேலே குமிழ்போன்ற மாடம். அடியில் மூன்று உருண்டைகள். விளக்கின் மூடிபோன்ற ஏதோ ஒரு சிறு பொருளை அருகில் வைத்து எடுத்த படம் என்று விமர்சகர்கள் கூறினர்.

1967இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி இன்வேடர்ஸ்' என்ற தொடர் வந்தது. அதில் வந்த தட்டு, ஆடம்ஸ்கியின் படத்திலுள்ள தட்டைப் பெரிதும் ஒத்திருந்தது. அடியில் மூன்று உருண்டைகளுக்குப் பதில் ஐந்து அரைக்கோளங்கள். அவ்வளவுதான் முக்கிய மாற்றம். 1968இல் அரோரா என்ற நிறுவனம் அந்தத் தட்டைக் கிட்டாக வெளியிட்டது. 1979இல் மோனோகிராம் நிறுவனம் அதை மறுபடியும் வெளியிட்டது.

ஆக, ஐயத்திற்குரிய ஒரு புகைப்படம் தொலைக்காட்சித் தொடராயிற்று. தொடர் கிட் ஆயிற்று. கிட் சிறுவர்களின் மேசைக்கு வந்தது. அந்தச் சிறுவர்களில் ஒருவன் தான் செய்த தட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் படமெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தால் வட்டம் முழுமை பெற்றிருக்கும். இந்த வட்டத்தின் உட்புறத்தை ஒருமுறை சுற்றி வந்தவர்கள், அடுத்த முறை ஒரு படத்தைப் பார்க்கும்போது வேறு கண்ணோடு பார்ப்பார்கள் என்பதே என் நம்பிக்கை.

பெட்டியைத் திறந்தால்

கிட் என்பது ஓர் உருவத்தின் உறுப்புகள் அனைத்தும் வார்க்கப்பட்ட பெட்டி. உறுப்புகள் பிளாஸ்டிக் சட்டங்களில் மாங்காய்க் கொத்துபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. எதை எதோடு சேர்ப்பது என்பதை விளக்கும் தாளும் உள்ளே இருக்கும்.

உறுப்புகளைக் கையால் திருகிப் பிய்க்காதீர்கள். சிறிய வெட்டும் குறட்டால் நறுக்கி, மீதமுள்ள நுனியை அரத்தால் தேய்க்க வேண்டும். பசை போடுவதற்குமுன் ஒருமுறை சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பசை காகிதம் ஒட்டும் பசையைப் போன்றதன்று. அது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சிறிது கரைக்கிறது. இரண்டு பக்கமும் கரைந்து கலக்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே பிளாஸ்டிக்காகி விடுகின்றன. அந்த ஆவி உடலுக்கு ஆகாது. எனவே சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

பறக்கும் தட்டு செய்வதற்கு எளிது. இரண்டு கிண்ணங்களை வாயோடு வாய் கவிழ்த்தால் தட்டு வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் அதில்தான் சிக்கலே இருக்கிறது. விளிம்பைச் சுற்றிலும் ஓர் இணைப்புக் கோடு ஓடும். விமான மாதிரியில் இக்கோட்டை இறக்கையின் நிழலில் மறைத்துவிடலாம். தட்டில் மறைக்க இடமே இல்லை. கார் பட்டறையில் செய்வதுபோலப் பட்டி பார்த்து, காய்ந்தபின் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, பிரைமர் அடித்துப் பார்க்க வேண்டும். பிரைமர் அடித்ததும், சரியாகிவிட்டது என்று நாம் நினைத்த இடங்களிலெல்லாம் குழிகள் தெரியும்! மறுபடியும் பட்டி, மறுபடியும் உப்புத்தாள். நம் வேலையை நாமே சந்தேகித்துச் சோதிக்கும் இந்தப் பழக்கம், ஆய்வுக்கூடத்திலும் தேவைப்படும் பழக்கமே.

அடுத்தது அளவு விகிதம். 'இன்வேடர்ஸ்' தட்டின் விகிதம் 1:72. அதாவது உண்மையில் 72 செ.மீ. இருப்பது மாதிரியில் 1 செ.மீ. ஆகும். 173 செ.மீ. உயரமுள்ள மனிதர் 2.4 செ.மீ. உயரத்திற்குக் குறைந்துவிடுவார். அந்த அளவில் ஒரு பொம்மை மனிதனை வைத்துப் பாருங்கள். கதவு அவன் நுழையும் உயரத்தில் இருக்கிறதா? உள்ளே நிமிர்ந்து நிற்க முடிகிறதா?

இது வீண் கேள்வியன்று. 1965இல் தொடங்கிய 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' என்ற அமெரிக்கத் தொடரில் ஜூபிடர்-2 என்ற தட்டு வடிவக் கப்பல் வரும். அதற்கு மேல்தளம், கீழ்த்தளம் என்று இரண்டு தளங்கள். தொடரைப் பார்த்தவர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதன் மாதிரியைச் செய்து, உள்ளே இரண்டு தளங்களையும் சரியான விகிதத்தில் அமைக்க முயன்றவர்களுக்கு உண்மை புலப்பட்டது: திரையில் காட்டிய கீழ்த்தளம் அந்த வெளிக்கூட்டுக்குள் அடங்காது! வெளித்தோற்றம் ஓர் அளவிலும், உள் அரங்கம் வேறோர் அளவிலும் அமைக்கப்பட்டிருந்தன. கண்ணால் பார்த்தவர்களுக்குத் தெரியாதது, அளவுகோலைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

மாற்றிச் செய்வதே பாடம்

விளக்கத் தாளில் உள்ளபடி செய்தால் கைப்பழக்கமும் பொறுமையும் வரும். அவை நல்லவைதாம். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் நாம் பிறருடைய கற்பனைக்குக் கூலியாட்களாக மட்டும் இருப்போம். ஓர் உறுப்பை மாற்ற நினைத்த கணமே, "ஏன் மாற்றுகிறேன்?" என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் ஆகிவிடுகிறோம். விஞ்ஞானம் அந்த இடத்தில்தான் ஆரம்பமாகிறது.

முதலில் கால்களை எடுத்துக்கொள்வோம். தட்டு தரையில் நிற்க மூன்று மெல்லிய கால்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதிரியின் எடை 300 கிராம். இதை அப்படியே 72 மடங்கு பெரிதாக்கினால் எடை 72 மடங்கா கூடும்? இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றுமே 72 மடங்காவதால், கன அளவும் எடையும் 72 x 72 x 72, அதாவது 3,73,248 மடங்காகும். 300 கிராம் ஏறத்தாழ 112 டன் ஆகிவிடும்! ஆனால் கால்களின் குறுக்குப் பரப்பு 72 x 72, அதாவது 5,184 மடங்கே கூடும். ஆகவே காலின் ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பும் முன்னைவிட 72 மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும். பெரிய விலங்குகளின் எலும்பு ஏன் பருமனாக இருக்க வேண்டும் என்று 1638இல் கலிலியோ விளக்கிய அதே விதி இது. இதை உணர்ந்து கால்களைத் தடிமனாக மாற்றிச் செய்யும் மாணவர், அந்த விதியை இனி மறக்கமாட்டார்.

அடுத்து விளக்குகள். தட்டின் அடிப்பகுதியில் எல்.இ.டி. விளக்குகள் பொருத்தலாம். 9 வோல்ட் மின்கலத்தோடு சிவப்பு எல்.இ.டி. ஒன்றை நேராக இணைத்தால் அது கருகிவிடும். அதற்கு ஏறத்தாழ 2 வோல்ட்தான் தேவை. மீதி 7 வோல்ட்டை ஒரு மின்தடை ஏற்க வேண்டும். 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் வேண்டுமானால், 7ஐ 0.02ஆல் வகுக்க, 350 ஓம் வரும். கடையில் 390 ஓம் மின்தடை கேட்டு வாங்கலாம். பாடப்புத்தகத்தில் படித்த ஓம் விதி இப்போது கையில் ஒளிர்கிறது! விளக்கைப் போட்டதும் இன்னொன்றும் தெரியவரும்: மெல்லிய பிளாஸ்டிக் வழியே ஒளி கசிந்து தட்டு முழுதும் மங்கலாக மினுங்கும். உட்புறம் கறுப்பு வண்ணம் அடித்தால்தான் அது நிற்கும். முழு உடலும் மர்மமாக ஒளிர்ந்த தட்டு என்று எவரேனும் ஒரு படத்தைக் காட்டினால், உங்களுக்கு இது நினைவுக்கு வருமல்லவா?

மூன்றாவது மேற்பரப்பு. வழவழப்பான தட்டைப் பார்த்து அதன் அளவைச் சொல்ல முடியாது. சிறு கோடுகள், மூடிகள், குழாய்கள் ஆகியவற்றைச் சேர்த்தால் அதே தட்டு பிரம்மாண்டமாகத் தோன்றும். இதற்காகப் பழைய கப்பல், டாங்கிக் கிட்களின் மிச்ச உறுப்புகளை ஒட்டுவது மாதிரி செய்வோரின் வழக்கம். 1977இல் வந்த 'க்ளோஸ் என்கவுண்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்' படத்தில் ஒரு நகரம் அளவுக்குத் தோன்றிய தாய்க்கப்பல் இவ்வாறு உருவானதுதான். அதைச் செய்த கலைஞர்கள் விளையாட்டாக அதன்மீது ஒரு தபால் பெட்டி, ஒரு ஃபோக்ஸ்வாகன் வேன், ஒரு சிறிய கல்லறைத் தோட்டம், 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஆர்2-டி2 இயந்திர மனிதன் ஆகியவற்றையும் ஒட்டியிருக்கிறார்கள். அந்த மாதிரி அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. திரையில் கோடிக்கணக்கானோர் பார்த்தும், அந்த வேன் கண்ணில் பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

"இது எப்படிப் பறக்கும்?" என்ற கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. உண்மையாகவே ஒரு தட்டைப் பறக்கவிட மனிதர்கள் முயன்றதுண்டு. கனடாவின் ஆவ்ரோ நிறுவனம் அமெரிக்க ராணுவத்தின் பணத்தில் 'ஆவ்ரோகார்' என்ற ஊர்தியைச் செய்தது. விட்டம் ஏறத்தாழ 5.5 மீட்டர். நடுவில் ஒரு பெரிய விசிறி. விளிம்பிலிருந்து கீழே பாயும் காற்று அதைத் தூக்கும். 1959இல் அது எழும்பியது. ஆனால் தரையிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டருக்கு மேல் சென்றதும், கையிலிருந்து தரையில் விழுந்த தாம்பாளம்போலத் தள்ளாடத் தொடங்கியது. 1961இல் திட்டம் கைவிடப்பட்டது. தட்டு வடிவம் அழகானதுதான். ஆனால் அதை நிலையாக நிறுத்துவது எளிதன்று. உங்கள் தட்டில் எங்கே எஞ்சின் வைப்பீர்கள், எப்படித் திருப்புவீர்கள், எப்படி நிறுத்துவீர்கள் என்று யோசித்து அதற்கேற்ப உருவை மாற்றுங்கள்.

நூலில் தொங்கும் தட்டு

தட்டு தயாராகிவிட்டது. இனி அதை மெல்லிய தூண்டில் நரம்பில் கட்டி, திறந்த வெளியில் ஒரு கழியிலிருந்து தொங்கவிடுங்கள். பின்னணியில் வானமும் தூரத்து மரங்களும் தெரியும்படி படம் எடுங்கள். படத்தைப் பார்த்ததும் நீங்களே திடுக்கிடுவீர்கள்.

ஏன்? தட்டின் விட்டம் 24 செ.மீ., தூரம் 2 மீட்டர் என்போம். இரண்டையும் 72ஆல் பெருக்குங்கள். 144 மீட்டர் தூரத்தில் மிதக்கும் 17.28 மீட்டர் விட்டமுள்ள தட்டும் படத்தில் இதே இடத்தைத்தான் அடைக்கும். 1 கிலோமீட்டர் தூரத்தில் 120 மீட்டர் தட்டும் அப்படியே. காமிரா பதிவு செய்வது கோணத்தை மட்டுமே. அளவையோ தூரத்தையோ அன்று. இங்கே கோணம் ஏறத்தாழ 7 டிகிரி. முழு நிலவின் கோணம் அரை டிகிரிதான். 1 செ.மீ. பொத்தானை 1.1 மீட்டருக்கு அப்பால் பிடித்தால் நிலவை மறைத்துவிடும். அதனால் நிலவு பொத்தான் அளவு என்று யாரும் சொல்வதில்லை.

தூரம் தெரியாவிட்டால் அளவு தெரியாது. அளவும் தூரமும் தெரியாவிட்டால் வேகமும் தெரியாது. ஆர்னால்டு தாம் கண்ட பொருள்களின் வேகம் மணிக்கு 1,900 கி.மீ.க்கு மேல் என்று கணக்கிட்டார். இரு மலைகளுக்கிடையே அவை செல்ல எடுத்துக்கொண்ட நேரத்தை அவர் கடிகாரத்தில் பார்த்தது உண்மை. ஆனால் அவை அந்த மலைகளை ஒட்டித்தான் சென்றன என்பது அவருடைய மதிப்பீடு. அவை அருகில் சென்ற சிறு பொருள்களாக இருந்திருந்தால் வேகமும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

இனி அசைவைப் பாருங்கள். அரை மீட்டர் நூலில் தொங்கும் தட்டைக் காற்று அசைத்தால், அது ஒருமுறை ஆடிவர 1.4 விநாடி ஆகும். உங்கள் தனி ஊசல் பாடத்தில் வரும் கணக்குத்தான் இது. 72 மடங்கு நீளமான 36 மீட்டர் நூலில் தொங்கினால் 12 விநாடி ஆகும். நீளம் 72 மடங்கானால் நேரம் 72இன் வர்க்கமூலமான சுமார் 8.5 மடங்கு ஆகிறது. திரைப்படக் கலைஞர்கள் மாதிரிகளை வேகமாகப் படமெடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டுவதன் காரணம் இதுதான். 1:72 மாதிரியின் அசைவு இயல்பாகத் தோன்ற, விநாடிக்கு 24 படங்களுக்குப் பதில் ஏறத்தாழ 204 படங்கள் எடுக்க வேண்டும். அப்படிச் செய்யாத படத்தில், பெரிய கப்பல் என்று சொல்லப்படுவது வெடுக்கென்று ஆடும்.

காற்றும் ஒரு சாட்சி. தூரத்து மலைகள் வெளிறித் தோன்றுவது ஏன்? இடையிலுள்ள காற்றும் தூசியும் ஒளியைச் சிதறடிப்பதால். 1 கி.மீ. தூரத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் தட்டின் நிழல் பகுதி, அருகிலுள்ள மரத்தின் நிழலைப்போலக் கருகருவென்று இருந்தால், சந்தேகிக்க வேண்டும். இதை அறிந்த மாதிரிக் கலைஞர்கள் தட்டுக்கு அடிக்கும் வண்ணத்தையே சிறிது வெளிற வைத்துவிடுவார்கள்! நீங்களும் அப்படி ஒரு தட்டுக்கு வெளிறிய சாம்பல் வண்ணம் அடித்துப் பார்த்து வேறுபாட்டைக் காணுங்கள்.

இரண்டு நிகழ்ச்சிகள்

1967 செப்டம்பர் 4ஆம் நாள் காலை, தென் இங்கிலாந்தில் கிழக்கு மேற்காக ஒரே நேர்கோட்டில் ஆறு சிறிய தட்டுகள் தரையில் கிடந்தன. அவற்றிலிருந்து விசித்திர ஒலி வந்தது. உள்ளே துர்நாற்றம் வீசும் கூழ்போன்ற பொருள் இருந்தது. காவல்துறையும் ராணுவமும் விமானப்படையும் பரபரப்படைந்தன. கடைசியில் அவற்றைச் செய்தவர்கள் ஃபார்ன்பரோவிலிருந்த விமான ஆராய்ச்சி நிலையத்தின் பயிற்சி மாணவர்கள் என்று தெரியவந்தது. கண்ணாடி இழையால் கூடு செய்து, மின்சுற்று வைத்து, மாவும் நீரும் கலந்த கூழை உள்ளே நிரப்பியிருந்தார்கள். அறப்பணிக்கு நிதி திரட்டும் விழாவையொட்டிய வேடிக்கை அது. உண்மையை அவர்களே விரைவில் ஒப்புக்கொண்டார்கள்.

மற்றொன்று இவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. 1990இல் பெல்ஜியம் நாட்டில், மூலைகளிலும் நடுவிலும் ஒளி வீசும் முக்கோண ஊர்தி ஒன்றின் படம் வெளிவந்தது. பெத்தி ரெஷேன் என்ற ஊரில் எடுத்தது. பலர் அதை ஆராய்ந்தார்கள். மோசடி என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆகவே நம்பத்தக்கது என்று பலரும் மேற்கோள் காட்டினார்கள். 21 ஆண்டுகளுக்குப் பின், 2011இல், படத்தை எடுத்தவரே உண்மையைச் சொன்னார்: நுரை பிளாஸ்டிக் பலகையை வெட்டி, வண்ணம் அடித்து, விளக்குகள் பொருத்தித் தொங்கவிட்டு எடுத்த படம் அது. நாம் தெர்மகோல் என்று சொல்கிறோமே, அதே வகைப் பொருள்தான்!

முதல் நிகழ்ச்சியில் வேடிக்கை செய்தவர்களே திரையை விலக்கிவிட்டார்கள். இரண்டாவதில் 21 ஆண்டுகள் நம்பியவர்களின் உழைப்பு வீணாயிற்று. வேறுபாடு மாதிரி செய்வதில் இல்லை. உண்மையை மறைப்பதில் இருக்கிறது. ஆகவே நான் ஒரு நிபந்தனை வைக்கிறேன். நீங்கள் எடுக்கும் படத்தோடு, நூலும் கழியும் தெரியும்படி எடுத்த இன்னொரு படத்தையும் வைத்திருங்கள். முதல் படத்தை நண்பர்களுக்குக் காட்டி, அதன் அளவையும் தூரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பின் இரண்டாவது படத்தை அன்றே காட்டிவிடுங்கள். பள்ளி விஞ்ஞானக் கண்காட்சிக்கு இது ஒரு நல்ல சோதனை.

சில மறுப்புகள்

"இந்த கிட்கள் விலை அதிகம்; எல்லா மாணவர்களாலும் வாங்க முடியுமா?" என்று கேட்கலாம். முடியாதுதான். ஆனால் கிட்டை வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்கள், ஒரு டப்பா மூடி, பழுதான பேனாவின் உறுப்புகள், பாசிமணிகள், அட்டை இவை போதும். 1950களின் இறுதியில் வெளிவந்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' என்ற படத்தின் தட்டுகள் கார்ச் சக்கர மூடிகள் என்று நெடுங்காலம் பேசப்பட்டது. உண்மையில் அவை கடையில் விற்ற சாதாரண பிளாஸ்டிக் கிட்களே. திரைப்படக்காரர்களுக்குப் பெட்டி உறுப்புகள் போதுமானால், நமக்குக் கிண்ணங்கள் போதாதா?

"இன்று கணினியே எந்தப் படத்தையும் வரைந்து தந்துவிடுகிறதே, நூலும் கழியும் அறிந்து என்ன பயன்?" என்பது வலுவான கேள்வி. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படத்தில் நூலைத் தேடிப் பயனில்லை. தட்டே அங்கே இல்லை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாதிரி செய்தவர்கள் கற்றுக்கொள்வது நூலைக் கண்டுபிடிக்கும் தந்திரத்தை மட்டுமன்று. "இதை எப்படிச் செய்திருப்பார்கள்? அளவு என்ன? தூரம் என்ன? அது எப்படித் தெரியும்? வேறு யார் பார்த்தார்கள்?" என்று கேட்கும் பழக்கத்தையும் கற்றுக்கொள்கிறார்கள். கருவி மாறினாலும் இந்தக் கேள்விகள் மாறுவதில்லை. அவை இன்று பறக்கும் தட்டுப் படங்களுக்கு மட்டுமல்ல, கைப்பேசியில் வந்து விழும் ஒவ்வொரு படத்திற்கும் தேவைப்படுகின்றன. பொய்ப் படம் ஒன்றை நம்பி ஒருவரை ஒருவர் வெறுக்கவும் தாக்கவும் துணியும் காலத்தில், இது வெறும் பொழுதுபோக்கு விஷயமன்று.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். "மாதிரியைக் கொண்டு இப்படிப்பட்ட படத்தை எடுக்க முடியும்" என்பது வேறு. "இந்தப் படம் மாதிரியைக் கொண்டு எடுக்கப்பட்டது" என்பது வேறு. முதலாவதை நிரூபித்ததாலேயே இரண்டாவது நிரூபணமாகிவிடாது. அதேபோல, ஒரு படம் மோசடி என்று காட்ட முடியவில்லை என்பதால் அது வேற்றுக் கிரக ஊர்தி என்றும் ஆகிவிடாது. பெல்ஜியப் படத்தை நம்பியவர்கள் தவறியது இந்த இரண்டாவது இடத்தில்தான். "தெரியவில்லை" என்று சொல்லத் தயங்காதவர்களே நல்ல விஞ்ஞானிகள்.

கையும் கண்ணும்

தொலைநோக்கி செய்வது பயனற்றது என்று நான் சொல்லவில்லை. தொலைநோக்கி உள்ளதைப் பார்க்கக் கற்றுத் தரும். பறக்கும் தட்டு மாதிரியோ, இல்லாதது எப்படி உள்ளதுபோல் காட்டப்படுகிறது என்பதைக் கற்றுத் தரும். ஒரு மாணவருக்கு இரண்டும் வேண்டும்.

வேற்றுக் கிரகங்களில் உயிர் இருக்கக்கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. அதைத் தேடும் விஞ்ஞானிகள் பலர் உள்ளனர். ஒருநாள் உண்மையான சான்று கிடைக்கலாம். அன்று அதை உண்மையென்று கண்டுகொள்ளவும், போலிகளை விலக்கத் தெரிந்த கண் வேண்டுமல்லவா? அந்தக் கண்ணுக்குப் பயிற்சி தருவது கை.

எனவே பெரியவர்கள் கேட்டால் தயங்காமல் விடை சொல்லுங்கள். பிறகு செய்தித்தாளை விரியுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். கிண்ணங்களைக் கவிழ்த்து ஒட்டுங்கள். விளிம்பிலுள்ள கோடு மறையும்வரை தேய்த்துக்கொண்டே இருங்கள். அந்தக் கோட்டை மறைப்பது எவ்வளவு கடினம் என்று அறிந்தபின், பிறர் மறைத்த கோடு எங்கே இருக்கும் என்பது உங்களுக்குத் தானே தெரியவரும்.